திருப்பி விட்டால் களவு இல்லையா?

அளவெட்டி போன்ற ஊரில் மோட்டார்சைக்கிளின் திறப்பு விறாந்தைச் சுவரின் ஆணியில்தான் தொங்கும். கேளாமல் எடுத்து ஓடியவர், "கொண்டுவந்து விட்டுவிட்டேனே, இது எப்படிக் களவாகும்?" என்பார். ஆனால் 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, 366ஆம் பிரிவில், பொருளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் வேண்டும் என்று சொல்லவில்லை. பிறர் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி, நேர்மையீனமாக எடுக்கும் நோக்கோடு நகர்த்தினாலே களவு. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

இதே வாசகம் இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. அதன் பொருளை உரசிப் பார்த்த வழக்கு ஒரு விமானத்தைப் பற்றியது. 1952 மே மாதம் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் அனுமதியில்லாமல் ஹார்வர்ட் விமானமொன்றைக் கிளப்பிப் பாகிஸ்தானில் ஒரு வயலில் இறக்கினார். விமானத்தை அவர் தமக்கென்றே வைத்திருக்கப் போவதில்லை என்பது வெளிப்படை. ஆனாலும் 1957இல் இந்திய உச்சநீதிமன்றம் அதைக் களவு என்றது: கொஞ்ச நேரப் பயன்பாடும் முறையற்ற இலாபமே, அந்த நேரத்தில் உடையவர் இழந்த பயனும் நட்டமே. அத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டாது. என்றாலும் அதன் நியாயத்தை மறுப்பது கடினம். உழவுக் காலத்தில் லான்ட்மாஸ்டரை அரை நாள் இழந்த தோட்டக்காரருக்கு, மாலையில் அது திரும்பி வந்தாலும் அந்த ஈரம் திரும்பி வராது.

அயலவர் ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துப் புழங்கும் ஊரில் இது மிகக் கடுமை என்று சிலர் சொல்லலாம். அதற்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. நண்பர் வீட்டில் இல்லாதபோது வாசிக்க ஒரு புத்தகத்தை எடுத்தவர், அவர் மறுக்கமாட்டார் என உண்மையாகவே நம்பியிருந்தால் அது களவல்ல என்று அப்பிரிவின் உதாரணம் கூறுகிறது. நோயாளியை ஏற்றிப்போக அயலவரின் வண்டியை எடுத்தவரை இந்த நம்பிக்கை காக்கும். கேட்டால் மறுப்பார் என்று தெரிந்தே கேளாமல் எடுத்தவரைக் காக்காது.

இளைஞனுக்குக் 'கள்வன்' என்ற பெயர் பெரிய சுமை என்ற கவலையில் உண்மை உண்டு. இங்கிலாந்தில் களவுக்கு நிரந்தர எண்ணம் வேண்டும். அதனால் 1930லேயே வாகனத்தைக் கேளாமல் எடுத்து ஓடுவதைத் தனிக் குற்றமாக்கினார்கள், இன்று அதற்கு உச்சத் தண்டனை ஆறு மாதம். பெயரிலும் தண்டனையிலும் அந்த அளவு எனக்கு நியாயமாகப்படுகிறது. ஆனால் அங்கும் அது குற்றமே. திறப்பை ஆணியிலிருந்து எடுக்க முன் உடையவருக்கு ஒரு போன் எடுங்கள்.