இனிக்க இனிக்கப் பேசிக் கோட்டையை வைத்துக்கொண்ட கதை தெரியுமா?

மட்டக்களப்பு என்றதும் எல்லாரும் விசாரிப்பது பாடும் மீனைத்தான்! கல்லடிப் பாலத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவர்களே, கொஞ்சம் புளியந்தீவுக் கோட்டைப் பக்கம் வாருங்கள். தூதர் பேசுவது அவரை அனுப்பியவர்களின் எண்ணம்தானா என்ற கேள்விக்கு அந்த வாவிக்கரையில் கிடைக்கும் பதில் அதைவிடச் சுவையானது.

கண்டிக்குப் போன முதல் ஒல்லாந்தத் தூதர் கரையிறங்கியது மட்டக்களப்பில் என்பது தெரியுமா? 1602இல் வந்த யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன்தான் அவர். நீங்கள் கோட்டை கட்டுவதானால் நானும் என் குடும்பமும் தோளில் கல் சுமப்போம் என்கிற அளவுக்கு உருகிப்போனாராம் அரசர் முதலாம் விமலதர்மசூரியன்! அவருக்குப் பின் செபால்ட் டி வேர்ட் வந்தார். போர்த்துக்கேயரை விரட்ட உதவுவதாகச் சொன்னவர், பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களின் ஆட்களை விட்டுவிட்டார். அரசருக்குச் சந்தேகம் தட்டியது. பேச்சு முற்றி, அதே மட்டக்களப்பில் வெட்டுண்டு செத்தார் டி வேர்ட்.

உச்சக்கட்டம் இனிமேல்தான்! 1638 மே 18, புளியந்தீவில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை விழுந்தது. ஐந்தே நாளில், கண்டியரசர் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி ஆதாம் வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் செய்தார்கள். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைக்கலாம், ஆனால் அரசர் விரும்பினால் மட்டும். இது அரசர் கையிலிருந்த பிரதியில். ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்த 'விரும்பினால்' இல்லவே இல்லை! போர்ச் செலவையும் அரசர்தான் கறுவாவாகவும் மிளகாகவும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். கணக்கு எழுதியவர்கள் யார்? கடன் கொடுத்தவர்களேதான்! பிறகு அது எப்படித் தீரும்?

1640இல் காலி பிடிபட்டது, அரசரிடம் போகவில்லை. காலியைப் பிடித்த வில்லெம் கோஸ்டர் கண்டிக்குப் போய் வாதாடிவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த காவலர்களாலேயே கொல்லப்பட்டார். ஆனால் 1643இல் மட்டக்களப்பு அரசர் கைக்கு வந்தது. பெருந்தன்மையா? கறுவா விளைவது தென்மேற்கில், ஐயா! வாவியில் மீன் உண்டு, இறால் உண்டு, கறுவா ஏது? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உள்ளக்கிடக்கையை அறிய இந்த ஒரு கொடுக்கல் வாங்கலே எனக்குப் போதும்.

அதற்காகத் தூதர் எல்லாரையும் பொய்யர் என்றுவிட முடியாது. கொழும்பு முற்றுகையின்போது ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்ட் அரசரைப் பார்த்துப் பரிசுகளோடு திரும்பினார். கொழும்பை ஒப்படைப்போம் என்ற அவர் வாக்கை இராஜசிங்கன் நம்பினார். ஆனால் 1656 ஏப்ரல் 10 அன்று ஹல்ஃப்ட் குண்டடிபட்டு இறந்துபோனார். அடுத்த மாதம் கொழும்பு வீழ்ந்தது. அரசரின் ஆட்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஹல்ஃப்ட் உயிரோடிருந்தாலும் பத்தாவியாவிலிருந்த கம்பெனி மேலிடம் அந்த வாக்கைக் காப்பாற்ற விட்டிருக்காது என்பதே என் கணிப்பு. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினாற்போல என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு. போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் வந்த கதைக்குச் சொல்வது அது!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கொழும்பைப் பிடித்து வைத்துக்கொண்ட பிறகும் ஒல்லாந்தக் கவர்னர்கள் தங்களை அரசரின் பணிவான ஊழியர்கள் என்றே கடிதம் எழுதிவந்தார்கள்! கறுவா உரிக்க அனுமதி கேட்டு ஆண்டுதோறும் கண்டிக்குத் தூது போயிற்று. 1766இல் போரில் வென்று கரையோரம் முழுவதையும் எழுதி வாங்கியதோடு அந்தப் பணிவும் தீர்ந்தது.

ஆங்கிலேயரும் சளைத்தவர்களில்லை. ஒல்லாந்தரோடு கண்டி மல்லுக்கட்டிய 1762இல் சென்னையிலிருந்து வந்த ஜோன் பைபஸ், நயமாகப் பேசிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு போனார். கண்டி எதிர்பார்த்த உதவிப்படை வரவேயில்லை. இருபது வருடம் கழித்து ஹியூ பாய்ட் என்ற தூதர் நட்பு கோரி வந்தபோது, கண்டி பைபஸை மறந்திருக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பிய பாய்ட், போகும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டார்!