ஒரு புள்ளிக் குன்று

இங்கிலாந்தில் செஷயரும் ஸ்டாஃபர்ட்ஷயரும் சந்திக்கும் எல்லையில் கிளவுட் என்றொரு குன்று இருக்கிறது. உயரம் 343 மீட்டர். நம் திருவண்ணாமலையில் பாதிகூடத் தேறாது. ஆனால் மேற்கே தடுப்பில்லாத சமவெளி. அந்தத் திசையில் உச்சியிலிருந்து புறப்படும் வானொலி அலைக்கு அடிவானம் ஏறக்குறைய 76 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. அதே சமவெளியில் ஜோட்ரல் பேங்கின் லவல் தொலைநோக்கி வெள்ளையாகத் தெரியும். 1957 முதல் அது வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குன்றின் மேலிருக்கும் ஹாம்களுக்கு, அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கு, கேட்க வேண்டியதெல்லாம் பக்கத்து ஊர்களின் குரல்கள்தாம்.

என் நண்பர் எழுபதுகளில் ஹாம் உரிமம் வாங்கியவர். மோர்ஸ் தேர்வு எழுதாதவர்களுக்கு அன்று பிரிட்டனில் ‘பி’ வகுப்பு உரிமம் மட்டுமே கிடைக்கும். 144 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும்தான் அவர்கள் பேசலாம். அந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. குறைந்த அதிர்வெண் அலைகளைப் போல அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் தாண்டுவதில்லை. பள்ளத்தில் வீடு இருந்தால் அடுத்த ஊரே கேட்காது. ஆகவே குன்று ஏறுவது அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. உரிமம் தராத தூரத்தை உயரம் தந்தது.

அன்று அவர் தூக்கிப்போன செட் ஐகாம் 202. மூன்று வாட், உள்ளே ஒன்பது டார்ச் பேட்டரிகள். அதோடு துண்டு துண்டாகக் கழற்றிய கம்பம், யாகி ஆண்டெனா, கயிறு, முளைகள், லாக் புத்தகம். செய்த தொடர்புகளை எழுதிவைப்பது அப்போது உரிமத்தின் நிபந்தனை. கம்பத்தை ஒருவர் நிமிர்த்திப் பிடித்தால்தான் மற்றவர் கயிற்றை இழுத்து முளையில் கட்ட முடியும். காற்றடிக்கும் உச்சியில் அது ஒற்றை ஆள் வேலையே அல்ல. துணைக்கு ஆள் கிடைக்காத ஞாயிறுகளில் அவர் வீட்டில்தான் இருந்தார்.

2003 ஜூலையில் மோர்ஸ் கட்டாயம் நீங்கியது. ஒரே நாளில் அவருக்கு எல்லா அலைவரிசைகளும் திறந்தன. அதற்குச் சற்று முன்பே, 2002 மார்ச் 2 அன்று, ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்ற, மலையுச்சிகளிலிருந்து பேசும் திட்டம் பிரிட்டனில் தொடங்கியிருந்தது; பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. செட்டையும் பேட்டரியையும் சுமந்தே ஏற வேண்டும். வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது. உச்சியிலிருந்து 25 மீட்டர் இறக்கத்துக்குள் அமர்ந்து, நான்கு வெவ்வேறு நிலையங்களோடாவது பேசினால் புள்ளி. உயரத்தைப் பொறுத்து ஒன்று முதல் பத்து வரை. கிளவுடுக்கு ஒன்று; அதுவும் ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆயிரம் சேர்த்தவருக்கு ‘மலையாடு’ என்று பட்டம் தருகிறார்கள். இந்தக் குன்றை மட்டும் நம்பியிருந்தால் ஆயிரம் ஆண்டு ஆகும்.

சுமையும் மாறிவிட்டது. இடையில் சில காலம் எல்லோரும் முதுகில் ஏற்றிய ஏழு ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டரைக் கிலோ; அதே அளவு லித்தியம் பேட்டரி ஒரு கிலோவை ஒட்டி நிற்கிறது. எலிகிராஃப்டின் கேஎக்ஸ்2 செட்டு பேட்டரி இல்லாமல் 400 கிராம்கூட இல்லை. கம்பத்துக்குப் பதில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கண்ணாடியிழைத் தூண்டில் கழி. 20 மீட்டர் அலைவரிசைக்கு அதன் நுனியிலிருந்து இருபுறமும் ஐந்தைந்து மீட்டர் கம்பி சரிந்து இறங்கினால் போதும். தனி ஆளே இதைக் கட்டிவிடலாம்.

கட்டியபின் நடப்பதில்தான் பெரிய வேறுபாடு. அன்று ஆண்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ‘சி.க்யூ.’ என்று பொதுவாக எல்லோரையும் அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மேட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது. தற்செயலாக யாராவது தன் ஆண்டெனாவை இந்தப் பக்கம் திருப்பியிருந்தால் பதில் வரும். வந்த பதிலை இருவரும் லேசில் விடமாட்டார்கள்: செட்டு என்ன, கம்பம் எவ்வளவு, அங்கே மழையா. பிறகு தொடர்பை உறுதிசெய்யும் க்யூ.எஸ்.எல். அட்டை ஹாம் சங்கத்தின் வழியாக மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். இன்று எல்லோரும் பார்க்கும்படி கைப்பேசி வழியே இணையத்தில் அதிர்வெண்ணைப் பதிந்த சில நிமிடங்களில் ஜெர்மனியும் ஸ்பெயினும் ஒன்றன்மேல் ஒன்றாக அழைக்கின்றன. கால்சைன், சமிக்ஞை அளவு, விடைபெறும் ‘73’, அடுத்தவர். வரிசையில் காத்திருப்பவரை மறித்து மழையைப் பற்றிப் பேசுவது மரியாதையாகாது.

பழையவர்கள் இதைக் குறை சொல்வார்கள். எனக்கு முழு உடன்பாடில்லை. மணிக்கணக்காகக் கத்தி, ஒருவரும் கேட்காமல் விரல் விறைத்து இறங்கிய நாட்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐந்து வாட்டில் ஐரோப்பாவைத் தொடலாம் என்று ஓரளவு உறுதியாக நம்பி ஏறுவது பெரிய காரியம். ஆனால் யார் பதில் சொல்வார் என்பதும் முன்கூட்டியே ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது. திரையைப் பார்த்துக் காத்திருக்கும் அதே சிலர்தாம். எதிர்பாராத குரல் என்பது இப்போது பெரும்பாலும் இன்னொரு மலையுச்சியிலிருந்து, காற்று இரைச்சலோடு வருவதுதான்.

2024 பிப்ரவரியில் பிரிட்டன் முழு உரிமத்தின் மின்திறன் வரம்பை 400 வாட்டிலிருந்து 1000 வாட்டாக உயர்த்தியபோது, “பேட்டரியை யார் தூக்குவது?” என்று மட்டும் நண்பர் கேட்டார். எல்லா அலைவரிசைகளும் திறந்த பிறகும் அவர் 144 மெகாஹெர்ட்ஸை விடவில்லை. ஒரே குன்றுக்குச் சேர்ந்து போனாலும் புள்ளி வேண்டுமென்றால் அவரவர் நான்கு தொடர்புகளை அவரவரே செய்தாக வேண்டும். என் நான்கும் ஐந்து நிமிடத்தில் முடிந்து, கம்பியையும் சுருட்டிவிடுவேன். அவர் 145.500-இல் அழைத்து, பதில் சொன்னவரோடு வேறு அதிர்வெண்ணுக்கு நகர்ந்து, அவருடைய முழங்கால் அறுவைச் சிகிச்சை எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டிருப்பார். அது இரண்டாவது தொடர்புதான். இன்னும் இரண்டு பாக்கி.