எடையை மட்டும் சொன்னால் போதும்

என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு முதல் வகை நீரிழிவு. அவள் கணையம் இன்சுலின் சுரப்பதில்லை. மதிய மணி அடித்ததும் மற்றவர்கள் தட்டை எடுப்பார்கள். அவள் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போடுவாள். சாதத்தில் மாவுச்சத்து 60 கிராம். 15 கிராமுக்கு ஒரு யூனிட் என்றால் 4. சர்க்கரை 220, வர வேண்டியது 120. ஒரு யூனிட் 50 குறைக்கும் என்றால் இன்னும் 2. ஆக 6 யூனிட். நான் கணித ஆசிரியர். ஆனால் இந்தக் கணக்கில் பிழை வந்தால் சிவப்பு மையால் திருத்த முடியாது. இன்சுலின் கூடினால் மயக்கம், வலிப்பு வரை போகலாம்.

இதற்குத்தான் தானியங்கி இன்சுலின் கருவிகள் வந்தன. தோலடியில் ஒரு சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளக்க, அதற்கேற்பப் பம்ப் இன்சுலின் செலுத்தும். ஆனால் பெரும்பாலான கருவிகளில் மேற்சொன்ன விகிதங்களை முதலில் பதிய வேண்டும். சாப்பாட்டைக் கிராமில் எண்ணவும் வேண்டும். கருவி வந்தும் கணக்கு விடவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகப் பொறியாளர் எட் டாமியானோவின் மகனுக்கு 11 மாதக் குழந்தையாக இருந்தபோதே இந்நோய் வந்தது. மகன் கல்லூரி செல்வதற்குள் கருவி செய்துவிட வேண்டும் என்று தொடங்கினார். அந்தக் கெடு தாண்டிவிட்டது. 2023 மே மாதம்தான் 'ஐலெட்' கருவிக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது, 6 வயது முதல். தொடங்க உடல் எடையை மட்டும் பதிந்தால் போதும். சாப்பிடும்போது காலையா, மதியமா, இரவா என்பதையும், மாவுச்சத்து வழக்கம்போலா, கூடவா, குறைவா என்பதையும் தொட்டுச் சொல்ல வேண்டும். பிறகு சர்க்கரை ஏறுகிறதா என்று பார்த்து, அடுத்த வேளை அளவைக் கருவியே திருத்திக்கொள்ளும்.

அதையும் ஏன் சொல்ல வேண்டும்? தோலடியில் போன இன்சுலின் வேலை தொடங்கவே கால் மணி நேரம் ஆகும். சோறு அவ்வளவு நேரம் காத்திருக்காது.

2022இல் வெளியான ஆய்வில் 326 பேர், 13 வாரம். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி, கருவி அணிந்தவர்களுக்குச் சராசரியாக 7.9இலிருந்து 7.3 சதவீதமாக இறங்கியது. வழக்கமான சிகிச்சையில் 7.7இலேயே நின்றது. பெரிய வித்தை என்று சொல்ல மாட்டேன். தானே கணக்குப் போட்டு 6.5இல் வைத்திருப்பவருக்கு, கையால் அளவை மாற்ற விடாத இந்தக் கருவி எரிச்சலூட்டலாம். குழாய் கழன்றால் சில மணி நேரத்தில் ஆபத்தும் உண்டு. எனினும் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

என் மாணவியிடம் இருப்பது பேனா ஊசிதான். ஒருநாள் பாடவேளையில் பிஸ்கட் தின்றதற்காக அவளை எழுப்பி நிறுத்தினேன். கை நடுங்கியது. பயம் என்று நினைத்தேன், சர்க்கரை 58. இப்போது என் மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. அதைப் பூட்டுவதில்லை. அவள் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.