மரையும் ஏழு பேர்ச்சும்

சின்னக் காணிக்குள் மான் பிடிப்பது எப்படி என்று ஊவாவில் கேட்டால், முதலில் வாய் திறக்கும் உரிமை தம்பானை வேடர்களுக்குத்தான். பதுளை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், மஹியங்கனைக்கு அப்பால் இருக்கிறது தம்பானை. கண்டி அரசனிடம் 1660இல் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தப்பிப்போன ரொபர்ட் நொக்ஸ், 1681இல் அச்சேறிய தன் நூலில் பிந்தனைக் காட்டு வேடர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். காட்டை அவர்கள் தமக்குள் பங்கு பிரித்து வைத்திருந்தார்களாம். ஒரு கூட்டத்தார் அடுத்த கூட்டத்தாரின் பங்கில் அம்பு விடக்கூடாது, தேன் எடுக்கக்கூடாது. அடித்த இறைச்சியைத் தேனோடு சேர்த்து மரப்பொந்தில் வைத்து அடைத்துவிடுவார்கள். அம்பு முனை தேவைப்பட்டால், இரவோடு இரவாகக் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய வடிவில் நறுக்கிய இலை ஒன்றையும் வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லன் செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் அம்பு வரும். அதையும் நொக்ஸ் மறைக்கவில்லை.

இருநூற்று முப்பது ஆண்டு கழித்து, 1911இல் செலிக்மன் தம்பதி வேடர்களைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார்கள். அப்போதும் இந்தப் பங்கு முறை நினைவில் இருந்தது. அடுத்தவன் எல்லைக்குள் விழுந்த விலங்கில் எல்லைக்காரனுக்கு ஒரு பங்கு உண்டு. சின்ன நிலத்து வேட்டையின் சூட்சுமம் வில்லில் இல்லை, இந்தப் பங்கில்தான் இருக்கிறது என்பேன். தன் பங்கு மானையெல்லாம் இந்த மாதமே தீர்த்துவிட்டவன் அடுத்த மாதம் எங்கே போவான்? வில்லம்புக்கோ மிக நெருங்க வேண்டும். காற்று எந்தப் பக்கம், தண்ணீருக்கு எந்த வழியாக இறங்கும், பகலில் எங்கே படுக்கும் என்று தெரியாதவனுக்கு ஒன்றும் கிடையாது. அந்தத் தெரிதல் ஒரே காட்டில் தலைமுறையாக நடந்தவனுக்குத்தான் வரும்.

வெள்ளைக்காரத் துரைமார் வந்ததும் எல்லை என்ற பேச்சே போயிற்று. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். 1845 ஜூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை நகரத்துப் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. அவருக்குப் பின் 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கருக்கு மரை எனும் பெரிய மானின் வேட்டைதான் உயிர். நாய்க்கூட்டத்தை அவிழ்த்துவிட்டு, மரை ஓடி ஓடி ஓய்ந்து ஏதாவது ஓடையில் நின்றதும் கத்தியோடு இறங்குவார். துவக்கால் சுட்டால் அதில் என்ன விளையாட்டு என்பது அவர் கட்சி. இப்படித் துரத்துவதற்கு எத்தனை மைல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஹோர்ட்டன் சமவெளி வரை அவர் காலடிதான். அங்கே ஒரு நீர்வீழ்ச்சிக்கு இன்றும் அவர் பெயர்.

ஆனால் மரைக்கு விழுந்த அடி நாயாலும் கத்தியாலும் மட்டுமல்ல, கோடாலியாலும்தான். கோப்பிக்காக மலை மலையாகக் காடு வெட்டினார்கள். இலைநோய் வந்து கோப்பி செத்ததும் அதே மலைகளில் தேயிலை. 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள அரச காட்டை விற்பதை நிறுத்தினார்கள். அந்தத் தடையில் தப்பிய காடுதான் இன்றும் பல மலைகளின் தலையில் குல்லாய்போல உட்கார்ந்திருக்கிறது. மேலே குல்லாய், நடுவே தேயிலை, கீழே தோட்டத் தொழிலாளர் லயம். மரை பகலில் குல்லாய்க்குள் படுத்து இரவில் பத்தனை எனும் மலைப் புல்வெளிக்கு இறங்கும். பத்தனை சுருங்கிய இடத்தில் அதற்குப் பதிலாக இருப்பது நம்மவர்களின் மரக்கறித் தோட்டம்.

நம்மவர்களின் காணி எவ்வளவு? லயத்துக் காம்பராவை விட்டு வெளியே வீடு கட்டக் கிடைத்தால் ஏழு பேர்ச். ஏக்கருக்கு 160 பேர்ச் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். அதற்கு வெளியே, தோட்டம் கைவிட்டு மானாப்புல் மண்டிய மூலையில் கொஞ்சம் போஞ்சி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, லீக்ஸ். வெலிமடையிலிருந்து அப்புத்தளை வரை இந்தத் துண்டுத் தோட்டங்களைப் பார்க்கலாம். காட்டுப்பன்றி ஓரிரவு புகுந்தால் உழுதுவிட்டுப் போகும். மரை அப்படியல்ல, நுனியாகப் பார்த்து மேயும். காலையில் போய்ப் பார்த்தால் செடி நிற்கும், கொழுந்து இருக்காது.

இங்கேதான் கம்பி வருகிறது. பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிள் போதும். ஒரு முனையில் சுருக்கு, மறுமுனை சவுக்கு மரத்தில். மரை கானைத் தாண்டும் இடத்தில் குளம்பு பதிந்து மண் வழுவழுப்பாகி இருக்கும். பக்கத்து மரத்தில் கொம்பு உரசிப் பட்டை உரிந்திருக்கும். அந்த வழி தெரிந்தவனுக்கு வேறு படிப்பு தேவையில்லை. துவக்குச் சத்தம் இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை, கண் விழிக்க வேண்டியதில்லை. காலையில் வேலைப் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சின்ன இடத்தில் கூலியில்லாமல் இரவெல்லாம் வேலை செய்யும் வேட்டைக்காரன் அது. இதைவிடத் திறமான வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது உண்மை. அதன் கோளாறும் அந்தத் திறமைதான்: யார் வருகிறார்கள் என்று கம்பி பார்ப்பதில்லை. தோட்டத்து நாய் விழும், பக்கத்து வீட்டுக் கன்று விழும், சிறுத்தை விழும். சிறுத்தை தலையையும் முன்காலையும் நுழைத்துக்கொண்டு பாயும். சுருக்கு இடுப்பில் இறுகும். வனஜீவராசிகள் திணைக்களத்து வைத்தியர் மயக்க ஊசியோடு வருவதற்குள் இழுத்து இழுத்து உள்ளே அறுந்திருக்கும். "பன்னிக்குத்தான்ணே போட்டோம், புலி விழுந்துருச்சு." மலையகத்தில் எத்தனை இடத்தில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள்! 2020 மே மாதம் ஊவாவுக்கு வெளியே, நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படிச் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. 29ஆம் திகதி செத்தது. கருஞ்சிறுத்தை என்பதால் நாடே பேசியது. சாதாரணச் சிறுத்தைக்குப் பத்திரிகையில் நாலு வரி.

இந்த விலங்குகளைக் காக்கும் சட்டம் 1937ஆம் ஆண்டு இரண்டாம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பலமுறை திருத்தப்பட்டது. மரையும் மானும் உங்கள் ஏழு பேர்ச்சுக்குள்ளேயே நின்று மேய்ந்தாலும் கை வைக்க முடியாது. அது சரிதான் என்பதே என் எண்ணமும். ஆனால் ஒரு காலத்தில் துரை நாய் விட்டுத் துரத்தியதை வீரம் என்று நூலாக்கினார்கள். அதே மரை தின்றுபோன போஞ்சிக்கு மட்டும் யாரும் கணக்கு வைக்கவில்லை.

தம்பானைக்காரர்களுக்கும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களுடைய வேட்டைக்காடு எல்லைக்கல்லுக்கு உள்ளே போய்விட்டது. பலரை ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பி வயலைக் காட்டினார்கள். தலைவர் ஊருவரிகே திசாஹாமி நகர மறுத்து அங்கேயே இருந்தார். அவர் மகன் வன்னில எத்தோ 1996இல் ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகள் செயற்குழுவில் இதைப் பேசினார். எல்லை வகுத்து மானைக் காத்தவர்களை, மானைக் காக்கவென்று எல்லை போட்டே வெளியேற்றியது வேடிக்கையான நீதி.

ஹோர்ட்டன் சமவெளியில் இப்போது மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கின்றன. படம் எடுக்கிறவர்கள் பணிஸ் நீட்டுகிறார்கள். ஒஹியா வழியாக இறங்கிவந்தால் தோட்டத்து மரக்கறிப் பாத்திகளைச் சுற்றி வேறு காட்சி: பழைய சேலைகளை வரிசையாகக் கட்டி வேலி. சிவப்பும் மஞ்சளுமாகக் காற்றில் ஆடும்போது பன்றி கொஞ்ச நாள் யோசிக்கும். செலவில்லை, சட்டமும் பிடிக்காது, சிறுத்தைக்கும் ஆபத்தில்லை. ஒரு குறைதான். மரை சீக்கிரம் பழகிவிடும். பழகிய பிறகு விதைக்கிழங்குக் கடன் தலையில் இருக்கிறவன் மறுபடி பைக் திருத்துகிற கடைக்குத்தான் போகிறான், பழைய கேபிள் இருக்கிறதா என்று கேட்க.