அவெஞ்சருக்கு அலங்காரம்: விற்பவனும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்

பெருநாள் கழிந்த நான்காம் நாள். இரவு பத்தரை மணியிருக்கும். கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு தம்பி எனக்குக் கோல் எடுத்தார். "காக்கா, வெலிக்கந்தையில நிக்கிறன். பைக் செத்துப் போச்சு. லைற்றும் இல்ல, ஸ்டார்ட்டும் இல்ல. பொஞ்சாதியும் கூட நிக்கிறா" என்றார். மட்டக்களப்பு - பொலன்னறுவைப் பாதையில் போய் வருபவர்களுக்கு அந்தப் பக்கம் இரவில் யானை குறுக்கிடும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தப் பைக்கில் பூட்டியிருந்த இரண்டு முன் விளக்குகளையும் நான்தான் விற்றிருந்தேன்.

கொழும்பில் மீனை இறக்கிவிட்டு வெறுமையாக வாழைச்சேனைக்குத் திரும்பிய லொறி ஒன்று நின்று, பைக்கையும் இருவரையும் ஏற்றிக் கொண்டு வந்தது. அடுத்த நாள் காலையில் பைக் அமிர்தகழிக்குப் போனது. அங்கே வாவிப் பக்கமாக ஒரு தம்பி சிறிய கராஜ் வைத்திருக்கிறார். கையில் மீற்றர் இல்லாமல் வயரைத் தொடமாட்டார். கடையை மகனிடம் விட்டுவிட்டு நானும் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கொண்டேன்.

பைக் அவெஞ்சர் 220. இதன் பூர்வீகத்தைப் பலர் அறியமாட்டார்கள். இந்தியாவில் 2001இல் கவாஸாகியும் பஜாஜும் சேர்ந்து எலிமினேட்டர் என்று ஒன்றை விட்டார்கள். அந்த உருவத்தில் பஜாஜ் தனது 180 சிசி என்ஜினை வைத்து 2005இல் இறக்கியதுதான் அவெஞ்சர். 2007இல் 200 ஆனது, 2010இல் 220 ஆனது. ஹொண்டா ஸ்டீட் போன்ற 400 சிசி ஜப்பான் க்ரூஸர்கள் எமது நாட்டில் உண்டென்றாலும் அவற்றை வாங்கவும் பராமரிக்கவும் வேறு மடிச்சீலை வேண்டும். சாதாரண மனிதனுக்குக் கிடைத்த க்ரூஸர் அவெஞ்சர்தான். சீற் தாழ்வு, கால் முன்னால், உடம்பு நீளம். நேர் றோட்டில் சாய்ந்து உட்கார்ந்து போக ஒரு சுகம். சும்மா நிற்கும்போதே அலங்காரம் கேட்கும் உருவம்.

நமது தம்பியும் குறை வைக்கவில்லை. உயர்ந்த ஹேண்டல், முன் கண்ணாடி, இரு பக்கமும் தோல் பை, சத்தமான சைலன்சர், போன் சார்ஜர், இரட்டை ஹோர்ன், அதற்கு மேல் என் கடை விளக்கு இரண்டு. பூட்டியது வேறோர் இடத்தில். அவருடைய மூன்று மாத மிச்சம் அந்தப் பைக்கில் தொங்கியது.

அமிர்தகழித் தம்பி முதலில் பற்றறியில் மீற்றரை வைத்தார். நல்ல பற்றறி ஓய்வில் 12.6 வோல்ற் காட்ட வேண்டும். இது 11ஐத் தாண்டவில்லை. சார்ஜ் ஏற்றிய வேறு பற்றறியை வைத்து ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் அக்ஸிலேட்டரைக் கூட்டி மறுபடி பார்த்தார். என்ஜின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அது 12.3இல் நின்று, போகப் போக இறங்கியது. அதாவது என்ஜின் பற்றறிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, பற்றறிதான் எல்லாவற்றையும் சுமந்து கொண்டிருந்தது. 220க்குக் கிக்கும் கிடையாது. பற்றறி போனால் மனிதன் றோட்டில்தான்.

"காக்கா, இஞ்ச வாங்க" என்று ரெகுலேட்டரின் கப்லரைக் கழற்றிக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்ரிக் தேயிலைச் சாய நிறத்துக்கு வெந்திருந்தது. உள்ளே பின்கள் பச்சை பூத்திருந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் நமது ஊர்களில் உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது. பச்சை பிடித்த இடத்தில் மின்சாரம் தடுமாறும், தடுமாறும் இடம் சூடேறும். அந்த நிலையில் அதற்குள்ளால் வழமையை விட அதிகம் இழுத்தால் உருகாமல் என்ன செய்யும்?

எவ்வளவு இழுத்தார்கள் என்பதை ஒரு சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஹெட் லைற் 55 வோட். நான் விற்ற ஹலோஜன் விளக்கு ஒவ்வொன்றும் 55 வோட், இரண்டும் 110. அதை 12ஆல் பிரித்தால் ஒன்பது அம்பியருக்கு மேல். கம்பனி கணக்குப் பார்த்துப் போட்ட வயரிங்கில் அதற்கு இடமில்லை. பூட்டியவர் ரிலே போடவில்லை, பியூஸ் போடவில்லை. ஹெட் லைற் வயரைச் சுரண்டி முறுக்கி ரேப் ஒட்டியிருந்தார். சுவிட்ச் உருகி ராங்கிக்குக் கீழே நெருப்புப் பிடிக்காமல் போனதே பெரிய காரியம்.

செய்ய வேண்டிய முறை பெரிய வித்தையல்ல. பற்றறியிலிருந்து தனி வயர், பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ், பிறகு ரிலே, அதன் பின் விளக்கு. கையில் இருக்கும் சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டிவிட வேண்டும். ஹலோஜனுக்குப் பதில் 10 அல்லது 15 வோட் எல்.ஈ.டி. போட்டால் வெளிச்சமும் குறையாது, பற்றறியும் முனகாது. கப்லர்களைச் சுத்தம் செய்து கொஞ்சம் வசலீன் பூசிவிட்டால் உப்புக் காற்றுக்கு அது ஒரு தடுப்பு.

விளக்கோடு கதை முடியவில்லை. என்ஜினை நியூற்றலில் ஓடவிட்டு ஹேண்டலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார். என்ஜின் தானாக உறுமியது! ஹேண்டலை உயர்த்தியவர்கள் அக்ஸிலேட்டர் கேபிளைப் பழைய நீளத்திலேயே விட்டிருக்கிறார்கள். திரும்பும்போது கேபிள் இழுபடுகிறது. வளைவில் வண்டி தானாக வேகம் பிடித்தால் ஓட்டுபவன் கதி என்ன? உயர்ந்த ஹேண்டல் என்றால் அக்ஸிலேட்டர் கேபிள், கிளச் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றும் நீளமானதாக மாற வேண்டும். இந்தச் சோதனையை வீட்டு முற்றத்திலேயே எவரும் செய்து பார்க்கலாம்.

சைலன்சரில் இன்னொரு வில்லங்கம். புகை இலகுவாக வெளியேறும்போது என்ஜின் காற்றை அதிகம் இழுக்கும். காப்பரேட்டரில் ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் பெற்றோல் பற்றாது, என்ஜின் சூடேறும், கையை விட்டதும் பட்பட் என்று வெடிக்கும். அந்த வெடிச் சத்தத்தைத்தான் நமது இளைஞர்கள் கெத்து என்று நினைக்கிறார்கள். பிளக்கைக் கழற்றினால் உண்மை தெரியும். மண்ணிறமாக இருந்தால் சுகம், கரியாக இருந்தால் பெற்றோல் கூட, சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் குறைவு. இது வெளுத்திருந்தது. இந்த என்ஜினுக்குப் பிளக் இரண்டு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்து விடுகிறவர்களை அமிர்தகழித் தம்பி மாதம் ஒருவராவது பார்க்கிறாராம். பழைய சைலன்சரையே திரும்பப் பூட்டச் சொன்னோம். பொலிஸ் தொல்லையும் குறையும்.

தோல் பை நல்லதுதான், ஆனால் உள்ளிருந்து தாங்க இரும்புக் கம்பி வேண்டும். இல்லையேல் ஒரு நாள் சில்லில் சிக்கும். பாரம் ஏற்றினால் பின் ஷொக்கை இறுக்கி, டயருக்குக் காற்றையும் கூட்ட வேண்டும். பின் டயர் 15 அங்குலம், 130/90. மற்றப் பைக்குகளுக்கு வரும் 17 அங்குல டயர் இதற்குச் சரிவராது. தூரம் போகுமுன் தேய்மானத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள், சின்ன ஊர்க் கடைகளில் தேடிக் கிடைக்காது.

கால் முன்னால் நீட்டி உட்கார்வதால் குழியில் விழுந்தால் அடி நேரே முதுகெலும்புக்கு வரும். ஐம்பதைத் தாண்டிய எனக்கு அது ஓடிப் பார்த்ததும் விளங்கியது. முச்சக்கர வண்டிக்கு ஹூட்டும் சீற்றும் தைப்பவர்களிடம் கொடுத்தால் நல்ல ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்துத் தருவார்கள். ஒரு க்ரூஸரில் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான் என்பது என் அபிப்பிராயம். கண்ணாடியில் தெரியாததால் அதை யாரும் கேட்பதில்லை.

வியாபாரப் பக்கத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது. வருட ஆரம்பத்தில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் லீற்றர் ஜூன் கடைசியில் 470 ஆகி, பிறகு கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வந்தது. புதிய பைக் இல்லை என்றானதும் சனங்கள் பழையதைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். எங்களைப் போன்ற உதிரிப்பாகக் கடைக்காரர்கள் அதில் பிழைத்தோம், மறுக்கவில்லை. ரெகுலேட்டரை விட அலங்காரச் சாமானில்தான் இலாபம் அதிகம். ரெகுலேட்டரின் விலை எல்லோருக்கும் தெரியும். மின்னும் விளக்கின் விலை எனக்கும் இறக்கியவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த இலாபத்தை எடுத்த நான், "தம்பி, எந்தப் பைக்குக்கு? யார் பூட்டுறது? ரிலே இருக்கா?" என்று மூன்று கேள்வி கேட்கவில்லை. அன்று கடையில் சனம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்தேன், அது எடுபடவில்லை. ரெகுலேட்டரை நான் கொடுத்தேன், கூலியை அவர் கொடுத்தார். ஹலோஜனைத் திருப்பி எடுத்து எல்.ஈ.டி. கொடுத்தேன். அதில் எனக்கு நட்டம்தான்.

இப்போது எங்கள் கடையில் ரிலேயும் பியூஸும் வயரும் சேர்ந்த பொதியாகத்தான் விளக்கு விற்கிறோம். விலை கூட என்று சிலர் அடுத்த கடைக்குப் போகிறார்கள். மகனுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. "வாப்பா, பூட்டுறவன்ட வேலைக்கு நாம ஏன் பொறுப்பு?" என்று கேட்டான். வெலிக்கந்தை றோட்டில் நின்றவர் பூட்டினவருக்குக் கோல் எடுக்கவில்லை, எனக்குத்தான் எடுத்தார் என்றேன். இன்னும் அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

தம்பி அடுத்த கிழமை பகலில் புறப்பட்டார். அமிர்தகழியார் ஹேண்டலில் ஒரு சிறிய வோல்ற் மீற்றர் பூட்டிக் கொடுத்திருந்தார். தம்புள்ளையிலிருந்து படம் அனுப்பினார், 14.1. கொழும்பு போய்ச் சேர்ந்து மறுபடி கோல் எடுத்தார். மச்சானின் பைக்குக்கும் ஒரு சோடி விளக்கு வேண்டுமாம். எந்தப் பைக், யார் பூட்டுவது என்று கேட்டு, ரிலேயோடு பார்சல் கட்டி வைத்திருக்கிறேன்.