பழைய மோட்டாருக்குப் புது பிரேக் பம்ப்: பெரியதாகப் போட்டால் நன்றாகப் பிடிக்குமா?

மழை விட்ட மாலை நேரம். செம்பனைத் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு இறங்கும் சரிவு. முன்னால் ஒரு லோரி நிற்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தபடி காத்திருக்கும்போது, விரல்களுக்குள் இருக்கும் பிரேக் பிடி மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கைப்பிடியைத் தொட்டுவிடுகிறது. விட்டு மறுபடியும் அழுத்தினால் பிடிக்கிறது. வீடு வந்து சேர்ந்ததும் அந்தச் சங்கதி மறந்து போகிறது.

மறக்கக்கூடாத சங்கதி அது. பிரேக் எண்ணெய் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் பிடி மட்டும் இப்படி இறங்கினால், கைப்பிடியில் பொருத்தப்பட்டிருக்கும் பிரேக் பம்ப் தேய்ந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். மாஸ்டர் சிலிண்டர் என்பதும் மேல் பம்ப் என்பதும் அதைத்தான். யமாஹா ஆர்எக்ஸ்-இசட், 125 இசட் போன்ற பழைய வண்டிகளை அப்பாவிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோ வாங்கி ஓட்டிக் கொண்டிருப்பவர்கள் நம்மில் பலர். என்ஜினுக்கும் சாயத்திற்கும் செலவு செய்பவர்கள்கூட இந்தப் பம்பை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அது ஒரு நாள் கைவிடும்போது, கடையில் பளபளப்பாகத் தொங்கும் ஏதோ ஒன்றை வாங்கி மாட்டி விடுகிறார்கள்.

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"அண்ணே, ஸ்டாண்டர்ட் வேணாம். பெரிய பம்பா பாத்துப் போடுங்க. பிரேக் கல்லு மாதிரி இருக்கணும்."

"கல்லு மாதிரி இருந்தா போதுமா தம்பி? வண்டி நிக்க வேணாமா?"

அந்த மெக்கானிக்கின் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. பிடி இறுக்கமாக இருப்பதும் பிரேக் பலமாக இருப்பதும் ஒன்றல்ல. பல நேரங்களில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதலில், பம்ப்தானா கோளாறு?

வண்டியை நிறுத்தி வைத்து, முன் பிரேக்கை நன்றாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். பிடி தானாக உள்ளே இறங்கினால் பம்புக்குள் இருக்கும் முன் ரப்பர் கப் எண்ணெயைப் பின்னால் நழுவ விடுகிறது. பிடி சேரும் இடத்தில் உள்ள ரப்பர் உறையை நகர்த்திப் பார்த்தால் ஈரமாக இருக்கிறதா? அப்படியானால் பின் கப் போய்விட்டது. பிடி பஞ்சு போல் இருந்து, நாலைந்து முறை அழுத்திய பிறகு இறுகினால், அது பெரும்பாலும் குழாய்க்குள் புகுந்த காற்று; பம்பைக் குறை சொல்ல முடியாது. இருபது வருடப் பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பினாலும் பிடி பஞ்சு போலத்தான் இருக்கும். வளைந்த டிஸ்க் தட்டும், இறுகிப்போன காலிப்பரும் பம்பின் மேல் பழியைப் போட வைக்கும். இவற்றைப் பார்க்காமல் பம்பை மட்டும் மாற்றினால் காசு போகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பம்ப்தான் என்று உறுதியானாலும், முழுதாக மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. பிஸ்டன், ரப்பர் கப்புகள், ஸ்பிரிங், சர்க்லிப் அடங்கிய ரிப்பேர் கிட் பல பழைய மாடல்களுக்குக் கிடைக்கிறது. புதுப் பம்பின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். ஆனால் பழைய பிஸ்டனை வெளியே எடுத்ததும் உள்சுவரை விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். சுவர் வழவழப்பாக இருந்தால் கிட் போதும். அரிப்பால் குழி விழுந்திருந்தாலும் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தாலும் புது ரப்பர் சில வாரங்களில் கிழிந்துவிடும். அந்தக் குழியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. துளை பெரிதாகி ரப்பர் சரியாக ஒட்டாமல் போகும்.

பம்பின் அடியில் உள்ள எண்

மாற்றுவது என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் பழைய பம்பைக் கழுவி அதன் உடலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பல பம்புகளில் அடியிலோ பக்கத்திலோ ஓர் எண் வார்க்கப்பட்டிருக்கும். 11, 14 என்றோ, 1/2, 5/8 என்றோ இருக்கலாம். உள்ளே ஓடும் பிஸ்டனின் குறுக்களவு அது. 1/2 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 5/8 என்றால் 15.875 மில்லிமீட்டர்.

மில்லிமீட்டர் கணக்கில் சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். கையில் அது சின்ன வித்தியாசமாக இருக்காது. மருந்து ஏற்றும் ஊசிக் குழாய்களை நினைத்துப் பார்க்கலாம். ஒரு சிறிய ஊசிக் குழாயையும் ஒரு பெரிய ஊசிக் குழாயையும் தண்ணீர் நிரப்பி ஒரு டியூபால் இணைத்தால், சிறியதை லேசாகத் தள்ளினாலே பெரியது பலமாக எழும்பும். ஆனால் சிறியதை வெகு தூரம் தள்ள வேண்டியிருக்கும். பெரியதைத் தள்ளினால் சிறியது வேகமாக ஓடும். ஆனால் கட்டை விரலால் எளிதில் தடுத்துவிடலாம். பிரேக்கில் கைப்பக்கம் இருப்பது சிறிய குழாய், சக்கரத்துப் பக்கம் காலிப்பரில் இருப்பது பெரியது. கைப்பக்கத்துக் குழாயைப் பெரிதாக்கினால் பிடி குறைவாக நகரும், இறுக்கமாகத் தெரியும். சக்கரத்தைப் பிடிக்கும் பலமோ குறைந்துவிடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 38 மில்லிமீட்டர் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர் ஒன்றை எடுத்துக் கொள்வோம். காலிப்பர் பிஸ்டனின் குறுக்களவைப் பம்பின் குறுக்களவால் வகுத்து, வந்த விடையை அதனாலேயே பெருக்க வேண்டும். 12.7 பம்ப் என்றால் ஏறக்குறைய 9 மடங்கு. 14 போட்டால் 7.4 மடங்கு. 5/8 போட்டால் 5.7 மடங்குதான். அரை அங்குலத்திலிருந்து 5/8-க்குப் போனவர், வண்டி முன்போலவே நிற்க வேண்டுமானால் ஒன்றரை மடங்குக்கும் மேல் பலமாகப் பிடியை அழுத்த வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு அது தெரியாமல் போகலாம். அதே மோட்டாரில் காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் அம்மாவின் கைக்குத் தெரியும். மழையில் திடீரென நாய் குறுக்கே ஓடும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

பெரிய பம்பே தவறு என்று சொல்ல வரவில்லை. காலிப்பரையும் மாற்றியவர்களுக்கு அது தேவைப்படலாம். ஒரே பக்கத்தில் 30 மில்லிமீட்டர் பிஸ்டன்கள் இரண்டு உள்ள காலிப்பரைப் போட்டால் 14 பம்ப் ஏறக்குறைய 9.2 மடங்கு தரும். பழைய ஜோடியின் கைப்பழக்கம் அப்படியே இருக்கும். பிஸ்டன்கள் தட்டின் இரு பக்கமும் எதிரெதிராக உள்ள காலிப்பர் என்றால், ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் எண்ண வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டையும் கூட்டி ஏமாறுபவர்கள் உண்டு. மறுபக்கம், தேவைக்கும் சிறிய பம்பைப் போட்டால் பிடி கைப்பிடியைத் தொட்டபிறகும் பிரேக் முழுதாகப் பிடிக்காது. அதுவும் ஆபத்துதான்.

காலிப்பர் கம்பெனி காலிப்பராகவே இருந்தால், பழைய பம்பில் இருந்த அதே எண்ணை வாங்குவதே புத்திசாலித்தனம். ரேடியல் பம்ப் விரும்புபவர்கள் 17x18, 19x20 போன்ற இரட்டை எண்களைப் பார்ப்பார்கள். முதல் எண் பிஸ்டன் அளவு. இரண்டாவது, பிடியின் அச்சுக்கும் அது பிஸ்டனைத் தள்ளும் இடத்துக்கும் உள்ள தூரம். இவை பெரும்பாலும் பெரிய மோட்டார்களுக்கான அளவுகள். ஒற்றைத் தட்டு உள்ள சின்ன வண்டிக்கு 19 என்பது அழகுக்குத்தான் உதவும்.

எண் பொருந்தினாலும் பொருந்தாதவை

கைப்பிடிக் குழாய் பெரும்பாலான வண்டிகளில் 22.2 மில்லிமீட்டர் என்பதால் பம்பின் பிடிவளையத்தில் சிக்கல் வருவது குறைவு. சிக்கல் மற்ற இடங்களில் வரும். ஹோஸைப் பம்புடன் இணைக்கும் துளையுள்ள போல்ட்டில் 10 மில்லிமீட்டர் என்ற அளவு ஒன்றாக இருந்தாலும் மரை இரண்டு வகை. ஜப்பானியப் பம்புகள் பலவற்றில் 1.25, சில ஐரோப்பியப் பம்புகளில் 1.0. தவறான போல்ட் முதல் இரண்டு சுற்று சாதுவாக ஏறும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் புதுப் பம்பின் அலுமினிய மரை அங்கேயே உரிந்துவிடும். பக்கக் கண்ணாடிக்கான மரையும் அப்படியே: 8 அல்லது 10 மில்லிமீட்டர். யமாஹா மோட்டார்கள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடி மரை எதிர்ப்புறம் சுற்றக்கூடியது. வேறு பம்பைப் போட்டால் பழைய கண்ணாடி ஏறாது.

பிரேக் விளக்கு சுவிட்ச் பொருத்தும் இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பம்பை மாற்றிவிட்டு அந்த இரண்டு வயர்களையும் டேப் சுற்றி விட்டுவிடும் வண்டிகளைச் சாலையில் பார்க்கலாம். முன் பிரேக்கை மட்டும் பிடிக்கும்போது பின்னால் வரும் லோரி ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் கிடைக்காது.

பழைய உதிரிபாகக் கடையில் ஒரிஜினல் பம்ப் கிடைத்தால் நல்லதுதான். உள்சுவரைப் பார்க்க அனுமதிக்காத கடையில் மட்டும் வாங்க வேண்டாம். வாங்கினாலும் புது கிட் போட்டே மாட்ட வேண்டும்.

மாட்டும்போது

ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் வரும் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். மூடியில் எழுதியிருக்கும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிகான் வகை, அவற்றோடு சேராது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கான குறைந்தபட்ச அளவோ 155 டிகிரிதான். நம் ஊர் ஈரக்காற்றில் போன வருடம் திறந்து வைத்த டப்பாவைப் பயன்படுத்துவது சிக்கனமாகாது. டாங்கியில் சிந்தினால் சாயத்தையும் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

காற்று எடுத்து முடிந்ததும் பலர் செய்யாத ஒரு சோதனை உண்டு. எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து வைத்துப் பிடியை லேசாக, மிக மெதுவாகத் தொட வேண்டும். கிண்ணத்தின் அடியிலுள்ள ஊசிமுனைத் துளையிலிருந்து எண்ணெய் சிறு ஊற்றுப்போல் மேலெழும்பும். எழும்பினால் துளை திறந்திருக்கிறது. எழும்பாவிட்டால், துளை அடைத்திருக்கலாம். அல்லது வேறு மாடலின் பிடியை மாட்டியதால் அது பிஸ்டனை எப்போதும் சற்று உள்ளே தள்ளியபடி இருக்கலாம். அப்படியே ஓட்டினால் எண்ணெய் சூடாகி விரியும்போது திரும்பிவர வழியில்லாமல் பேடுகளைத் தள்ளும். ஓட ஓட முன் சக்கரம் தானாக இறுகும். நெடுஞ்சாலையில் அது நடந்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; பிடியை விட்டாலும் விடாது. பிடிக்கும் பிஸ்டனுக்கும் இடையே லேசான ஆட்டம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பிறகு வீட்டு முற்றத்தில் நடை வேகத்தில் சில முறை நிறுத்திப் பார்க்கலாம். கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, முறுக்கு கேபிள் சிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். இரவு முழுதும் பிடியை ரப்பர் வளையத்தால் கைப்பிடியோடு இழுத்துக் கட்டி வைத்துவிட்டு, காலையில் ஹோஸ் போல்ட்டையும் பம்பின் அடிப்பகுதியையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். துணி நனைந்திருந்தால் அன்று வண்டியை எடுக்க வேண்டாம்.