காலை மறந்தால் கோல்

பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி நெருங்கினால் ஆந்திர எல்லையோரம் உள்ள பள்ளிப்பட்டு போன்ற ஊர்களின் மைதான ஓரத்தில் இந்தக் குரல் ஓயாது: "கணுக்காலை இறுக்குடா! முட்டியை மடக்கு! பின்னால சாயாதே!" அத்தனையையும் மனசில் சுமந்து ஓடிவரும் பையன், உதைக்கும் நேரத்தில் விறைத்துப்போகிறான். பந்து கோல் கம்பத்தை விட்டு எங்கோ போகிறது. அக்கறையோடு சொன்ன சொல்தான் அவனைக் கட்டிப்போட்டது என்று எனக்குப் படுகிறது. ஆய்வுகளும் பெரும்பாலும் அப்படியே சொல்கின்றன.

கேப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1998-ல் பனிச்சறுக்குப் பயிற்சி இயந்திரத்தில் சிலரை ஏற்றினார். தங்கள் பாதத்தை நினைத்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரத்தை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். 2002-ல் அவரும் அவருடைய குழுவினரும் கால்பந்துக்கு வந்தார்கள். பந்தைத் தூக்கி அடித்து இலக்கில் சேர்க்க வேண்டும். ஒரு சாராருக்கு, "பாதத்தைப் பந்தின் நடுவுக்குக் கீழே கொண்டுபோ" என்ற மாதிரி அறிவுரை. மறு சாராருக்கு, "பந்தை நடுவுக்குக் கீழே அடி". உத்தி ஒன்றேதான், கவனம் போன இடம்தான் வேறு. பந்தை நினைத்தவர்களின் குறி நன்றாக அமைந்தது.

அதே ஆய்வில் கிடைத்த இன்னொரு முடிவைப் பயிற்சியாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பைப் பற்றிய அறிவுரையை ஒவ்வொரு உதைக்கும் சொன்னதைவிட, மூன்றில் ஒரு உதைக்குச் சொன்னபோது ஆட்டம் மேம்பட்டது. பந்தைப் பற்றிய அறிவுரையோ எத்தனை முறை சொன்னாலும் கெடுக்கவில்லை.

ஆய்வாளர்கள் சொல்லும் காரணம், உடம்பு தானாகச் செய்துமுடிக்கும் வேலைக்குள் மனம் வலியப் புகுவதுதான். தறியில் கைதேர்ந்த நெசவாளியிடம் ஒவ்வொரு விரலையும் பார்த்து நெய்யச் சொன்னால் இழை சிக்காதா? கூடைப்பந்தில் 2005-ல் வெளியான ஆய்வு தசைகளின் மின்செயல்பாட்டையே அளந்து பார்த்தது. மணிக்கட்டை நினைத்து எறிந்தவர்களைவிட வளையத்தை நினைத்தவர்களுக்குத் தசை குறைவாகவே வேலை செய்தது, குறியும் கூடுதல் துல்லியமாக இருந்தது.

ஆனால் நேற்றுத்தான் பந்தைத் தொட்ட பிள்ளைக்கும் இது அப்படியே பொருந்துமா? ஆய்வாளர் சியான் பைலாக் குழுவின் 2002 ஆய்வு யோசிக்க வைக்கிறது. கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிப்போகும்போது, பாதத்தைக் கவனித்த புதியவர்கள் நன்றாகச் செய்தார்கள். பழகியவர்கள் வலது காலைக் கவனித்தபோது தடுமாறினார்கள். பழகாத இடது காலில் அதே கவனம் அவர்களுக்கும் உதவியது. ஆகவே புதுப் பிள்ளைக்குப் பாதத்தை எங்கே வைப்பது என்று ஆரம்பத்தில் காட்டத்தான் வேண்டும். பிடிபட்ட பிறகு, சார், விட்டுவிடுங்கள்.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் இதற்குப் பெரிய பேச்சும் தேவையில்லை. கோல் கம்பத்தின் மூலையில் பழைய டயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு விரலால் சுட்டிக் காட்டினால் போதும். சின்னப் பிள்ளைகளைக் கிட்டே நிறுத்துங்கள். பத்தில் பாதி உள்ளே போக ஆரம்பித்ததும் பின்னால் நகர்த்துங்கள். தவறினால், "கால் எப்படி வந்துச்சு?" என்று கேட்காமல், "பந்து டயருக்கு எந்தப் பக்கம் போச்சு?" என்று கேளுங்கள். அடுத்த உதையில் எதை மாற்றுவது என்பதை அந்தப் பிள்ளையே தேடட்டும்.